கணப்புச் சட்டி போயிற்று, சூளை அணையவில்லை



எங்கள் கடைக் கல்லாவின் மேல் இரண்டு வருடமாக ஒரு பொம்மை உட்கார்ந்திருக்கிறது. ஒரு சாண் உயரம். தலையில் ஓலைத் தொப்பி, உருண்டைக் கண், முன்னே தள்ளிய தொந்தி. ஒரு கையில் குடுவை, மறு கையில் ஒரு நோட்டு. சரக்கு எடுக்க வரும் சில்லறைக் கடைக்காரர்கள், "அண்ணாச்சி, இது கரடியா, நரியா?" என்று கேட்காமல் போவதில்லை.

ஜப்பானில் வேலை பார்க்கும் எங்கள் மாப்பிள்ளை கொண்டுவந்து கொடுத்தது அது. "மாமா, அந்த ஊர்க் கடைக்காரங்க வாசல்ல இதைத்தான் வைப்பாங்க. கையில இருக்கிறது என்ன நோட்டு தெரியுமா? பற்று நோட்டு" என்றார்.

பற்று நோட்டு என்ற சொல்லைக் கேட்டபின் நம்மால் சும்மா இருக்க முடியுமா? எந்த ஊரில் செய்தது, யார் செய்தது, எப்படிச் செய்தது என்று அவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தோம். அவரும் சலிக்காமல் சொன்னார். பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தோம். அந்த ஊரின் பெயர் ஷிகராகி. அங்கே மண்ணைச் சுட்டுப் பிழைப்பவர்களின் கதை, அரிசி பருப்பு விற்கும் நமக்கும் உதவும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறோம்.

ஊரும் மண்ணும்

ஜப்பானின் பழைய தலைநகரம் கியோட்டோ. அதற்குக் கிழக்கே ஷிகா மாகாணம் இருக்கிறது. அந்நாட்டின் மிகப் பெரிய ஏரியான பிவா ஏரி இந்த மாகாணத்தில்தான் உள்ளது. மாகாணத்தின் தென்பகுதியில் மலைகளுக்கு நடுவே இருக்கிறது ஷிகராகி. 2004ஆம் ஆண்டு முதல் அது கோக்கா என்ற நகராட்சியின் ஒரு பகுதி.

பிவா ஏரி இப்போது இருக்கும் இடத்தில் ஆதியில் இல்லை. பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் அது இன்னும் தெற்கே இருந்தது. சுற்றியிருந்த கருங்கல் மலைகள் வெயிலிலும் மழையிலும் கரைந்து, அந்தப் பழைய ஏரியின் அடியில் வண்டலாகப் படிந்தன. ஏரி வடக்கே நகர்ந்துவிட்டது. களிமண் அங்கேயே தங்கிவிட்டது. ஷிகராகிக்காரர்களுக்கு முதல் இருந்தது அந்த மண்தான்.

அந்த மண்ணுக்கு இரண்டு குணம். ஒன்று, பிசைந்தால் இழுபடும், சொன்னபடி வளையும். இரண்டு, அதில் மணலும் பொடிக் கல்லும் கலந்திருப்பதால் பெரிய சாமானாகச் செய்தாலும் சரிந்து விழாது, கடும் சூட்டையும் தாங்கும். இதனால்தான் அந்த ஊர் சின்னக் கோப்பையை விட ஆள் உயரச் சாமானுக்குப் பெயர் வாங்கியது.

ஜப்பானில் நடுக்காலத்திலிருந்து இன்றுவரை அணையாமல் எரியும் சூளை ஊர்கள் என்று ஆறு ஊர்களைச் சொல்வார்கள். செட்டோ, தோக்கோனாமே, எச்சிஸென், தம்பா, பிஸென் ஆகியவற்றோடு ஷிகராகியும் அதில் ஒன்று. 2017ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு இந்த ஆறு ஊர்களையும் சேர்த்து நாட்டின் மரபுச் சொத்துப் பட்டியலில் வைத்தது.

கல்லாகும் மண்

நம் வீட்டு மண்பானையில் தண்ணீர் ஊற்றினால் வெளியே கசியும். அதனால்தான் தண்ணீர் குளிர்கிறது. குறைந்த சூட்டில் சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். அதே பானையில் எண்ணெயும் உப்பும் போட்டு ஊறுகாயை ஒரு வருடம் வைக்க முடியாது.

தகுந்த மண்ணை 1,200 முதல் 1,300 டிகிரி செல்சியஸ் வரை சுட்டால் வேறு காரியம் நடக்கிறது. மண்ணுக்குள் இருக்கும் சில பொருள்கள் உருகிக் கண்ணாடி போலாகித் துளைகளை அடைத்துவிடுகின்றன. ஆறியபின் அது கல். தட்டினால் மணி போலச் சத்தம் வரும். உப்பு, புளி, எண்ணெய் எதுவும் உள்ளே இறங்காது. ஆங்கிலத்தில் ஸ்டோன்வேர் என்பது இதைத்தான். நம் பாட்டிமார் ஊறுகாய் போட்ட கனத்த ஜாடியும் இந்தச் சாதியே.

ஷிகராகியில் 13ஆம் நூற்றாண்டு வாக்கில் இவ்வகைச் சாமான்கள் பெருகின. ஆரம்பத்தில் செய்தவை முக்கியமாக மூன்று: ஜாடி, தொட்டி, அரைக்கும் சட்டி. ஜாடியில் விதை நெல் வைத்தார்கள். தொட்டியில் தண்ணீர் பிடித்தார்கள். அரைக்கும் சட்டியின் உட்புறத்தில் சீப்பால் கீறிய வரிகள் இருக்கும். எள்ளைப் போட்டு மரக்கட்டையால் தேய்த்தால் மாவாகும். ஆக, ஆரம்பம் முதலே உழவர் வீட்டுக்கும் மளிகைக்கும் வேண்டிய சரக்குதான்.

பெரிய சாமான் செய்யும் விதம்

சின்னக் கிண்ணத்தைச் சக்கரத்தில் வைத்து ஒரே மூச்சில் இழுத்துவிடலாம். இடுப்பளவு தொட்டியை அப்படிச் செய்தால் ஈர மண் தன் பாரத்தாலேயே உட்கார்ந்துவிடும். ஆகவே அடியை மட்டும் முதலில் செய்கிறார்கள். மண்ணைக் கயிறு போல உருட்டி, வட்டமாகச் சுற்றி, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து அழுத்தி இணைக்கிறார்கள். ஓரளவு உயரம் வந்ததும் நிறுத்திவிடுவார்கள். அது காற்றில் இறுகி, மேலே வரும் பாரத்தைத் தாங்கும் பக்குவம் வந்தபின் அடுத்த கட்டுக் கயிறு. இணைக்கும் விளிம்பு மட்டும் ஈரமாக இருக்க வேண்டும். அது காய்ந்துவிட்டால் மேல் மண் ஒட்டாது. கீழ்ப்பகுதி காயாமல் இருந்தால் சரிந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் நேரம் பார்ப்பதுதான் தொழில். அது கைக்குத் தெரிய வருடங்கள் ஆகும்.

செய்து முடித்ததும் சூளைக்குப் போகாது. நிழலில் நாள் கணக்கில், பெரிய சாமானாக இருந்தால் வாரக் கணக்கில் காய வேண்டும். ஒரு பக்கம் சீக்கிரம் காய்ந்து மறுபக்கம் ஈரமாக இருந்தால் விரிசல் விடும். உள்ளே ஈரம் மிஞ்சினால் சூளையில் ஆவியாகி வெடிக்கும். வெடித்த துண்டு பக்கத்துச் சாமானையும் கெடுக்கும். காய்ந்து, சுட்டு, வெளியே வரும்போது சாமான் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கியிருக்கும். இரண்டடி உயர முக்காலி வேண்டுமென்றால் அதற்குமேல் உயரமாகவே செய்ய வேண்டும். சேதாரம் போகத்தான் கணக்கு. நம் தொழிலில் மூட்டைக்கு இவ்வளவு கழிவு என்று போடுவதைப் போல அவர்களும் போடுகிறார்கள்.

பழைய காலத்துச் சூளை மலைச்சரிவில் தோண்டிய குகை போல ஒரே அறையாக இருந்தது. பிற்காலத்தில் சரிவிலே படி படியாக அறைகள் கட்டும் சூளை வந்தது. கீழ் அறையில் எரித்த சூடு வீணாகாமல் மேல் அறைக்குப் போகும். கீழ் அறை வெந்ததும் அடுத்த அறையின் பக்கத் துவாரத்தில் விறகு போடுவார்கள். ஒரே விறகுக்கு அதிகச் சரக்கு. சிக்கனம் தெரிந்தவர்கள் கண்ட முறை அது.

குறையே விலையானது

விறகுச் சூளையில் பைன் மரத்தை இரவு பகலாக எரிக்கும்போது சாம்பல் பறந்து சாமான்மேல் விழும். கடும் சூட்டில் அந்தச் சாம்பலே உருகி, பச்சைக் கண்ணாடி வழிந்தது போலப் படியும். யாரும் பூசாத பூச்சு அது. தீ நாக்குப் பட்ட இடம் செம்மஞ்சளாகச் சிவக்கும். கங்குக்குள் புதைந்த அடிப்பாகம் கரிந்து கறுக்கும். மண்ணில் இருந்த பொடிக் கற்கள் வெண்புள்ளிகளாக எட்டிப் பார்க்கும்.

உழவர்களுக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. ஜாடி கசியாமல் இருந்தால் போதும். ஆனால் 15, 16ஆம் நூற்றாண்டுகளில் தேநீரை ஒரு சடங்கு போல அருந்தும் பெரியவர்கள் வந்தார்கள். சீனத்து வழுவழுப்புப் பாண்டங்களைப் பார்த்துப் பழகிய கண், இந்த முரட்டு ஜாடிகளில் வேறு அழகைக் கண்டது. விதை வைத்த சின்ன ஜாடி பூச்சாடியாயிற்று. கரிந்த இடமும் வழிந்த சாம்பலும் குறையாக இருந்தவை, விலை ஏற்றும் அடையாளங்களாயின. சரக்கு மாறவில்லை, வாங்குபவர் மாறினார்.

பிறகு 17ஆம் நூற்றாண்டில் அரசாட்சி எதோ நகரத்தில் இருந்தது. இன்றைய டோக்கியோ அதுதான். உஜி என்ற ஊரின் தேயிலையை ஜாடிகளில் அடைத்து, பரிவாரத்தோடு ஆட்சியாளருக்குக் கொண்டு போவார்கள். வழியில் எதிர்ப்படும் சிற்றரசரும் ஒதுங்கி நிற்க வேண்டும் என்ற அளவுக்கு அந்த ஜாடி ஊர்வலத்துக்கு மரியாதை. அதற்கான ஜாடிகளைச் செய்தவர்களில் ஷிகராகிக்காரர்களும் உண்டு. ஈரக்காற்று புகாமல் தேயிலை மணத்தைக் காப்பதில் அந்த ஜாடிக்கு அவ்வளவு பெயர்.

கணப்புச் சட்டிக் காலம்

இனி வருவதுதான் நாம் சொல்ல வந்த விஷயம்.

ஜப்பானில் குளிர்காலத்தில் கை காய்ச்ச ஒரு சட்டி வைத்திருப்பார்கள். ஹிபாச்சி என்று பெயர். நாம் கணப்புச் சட்டி என்போம். முக்கால் பாகம் சாம்பலைப் போட்டு, நடுவில் கரி நெருப்பை வைப்பார்கள். மேலே கெண்டியை வைத்தால் வெந்நீர் காயும். வீட்டிலும் கடையிலும் சத்திரத்திலும் அது இல்லாமல் முடியாது. வந்த விருந்தாளிக்கு முதலில் அதைத்தான் நகர்த்தி வைப்பார்கள். மேசை நாற்காலி இல்லாத வீட்டில் அதுவே முக்கியமான தட்டுமுட்டுச் சாமான்.

உள்ளே தணல், வெளியே பனி. இந்த இரண்டையும் தாங்கும் பெரிய சட்டிக்கு ஷிகராகி மண் பொருத்தமாக அமைந்தது. நீலமும் வெண்மையும் கலந்து ஓடும் தனிப் பூச்சு ஒன்றையும் அவர்கள் பழக்கத்தில் கொண்டுவந்தார்கள். கடல் அட்டையின் முதுகு போல இருப்பதால் அதற்கு அந்தப் பிராணியின் பெயரே வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீடிழந்த மக்கள் மறுபடி குடித்தனம் தொடங்கியபோது கணப்புச் சட்டிக்குப் பெரும் கிராக்கி. நாடு முழுவதும் விற்ற சட்டிகளில் நூற்றுக்கு எண்பது ஷிகராகியில் செய்தது என்று சொல்லும் அளவுக்கு அந்த ஊர் கொடி கட்டிப் பறந்தது.

ஒரு ஊரே ஒரு சரக்கை நம்பி நின்றது. வியாபாரம் தெரிந்தவர்களுக்கு இந்த வரியைப் படிக்கும்போதே வயிற்றைப் பிசையும்.

1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் ஜப்பானில் மண்ணெண்ணெய் அடுப்பும் கேஸ் அடுப்பும் மின்சாரக் கணப்பும் வீடு வீடாக வந்தன. கரி வாங்க வேண்டாம், சாம்பல் அள்ள வேண்டாம், பொத்தானைத் தட்டினால் சூடு. கணப்புச் சட்டி விற்பனை சரிந்தது. சட்டியில் குறை ஒன்றும் இல்லை. முன்பு போலவே நல்ல சட்டிதான். வாங்கத்தான் ஆள் இல்லை.

எங்கள் கிடங்கில் கிடந்த ஜாடிகள்

இந்த இடத்தில் எங்கள் கதையையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் தகப்பனார் காலத்திலிருந்து மளிகையோடு ஊறுகாய் ஜாடியும் மொத்தமாக விற்று வந்தோம். ஒரு கிலோ பிடிக்கும் ஜாடி முதல் இருபது கிலோ ஜாடி வரை. ஒரே சூளைக்காரரிடம்தான் கொள்முதல். சொன்ன தேதிக்கு வைக்கோல் போட்டு அடுக்கி லாரி வந்து நிற்கும். உடைந்தது இத்தனை என்று நாங்கள் சொன்னால் எண்ணிப் பார்க்காமல் கழித்துக்கொள்வார். அப்படிப்பட்ட மனிதர்.

1987ஆம் வருடம் மாங்காய் சீசனுக்கு வழக்கம் போல ஒரு லாரி இறக்கினோம். கால்வாசிகூடப் போகவில்லை. எடை இல்லாத, பஸ்ஸில் கொண்டுபோனாலும் உடையாத பிளாஸ்டிக் டப்பா எல்லாத் தெருவுக்கும் வந்துவிட்டது. பாட்டிலில் அடைத்த ஊறுகாயும் வந்துவிட்டது. மறு வருடம் சூளைக்காரர் நேரில் வந்தார். "அண்ணாச்சி, ஒரு லோடு மட்டும் எடுத்துக்கிடுங்க. பணம் மெதுவாக் கொடுங்க. ஆளுங்களுக்கு வேலை கொடுக்கணும்" என்றார். "பழைய சரக்கே கிடங்கு நிறையக் கிடக்கு, புதுசை வாங்கி எங்கே வைக்க?" என்று காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினோம்.

கணக்குப்படி நாங்கள் சொன்னது சரி. அதற்கு மறு வருடம் அவர் சூளையை மூடிவிட்டார். அங்கே வேலை பார்த்தவர்கள் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டோம்.

இத்தனை வருடம் கழித்து எங்களை உறுத்துவது, லோடு எடுக்காதது அல்ல. தினமும் நூறு கடைக்காரரோடு பேசுபவர்கள் நாங்கள். ஜாடி போகவில்லை என்பது அவருக்குத் தெரிவதற்கு இரண்டு வருடம் முன்பே எங்களுக்குத் தெரியும். அதே சமயத்தில், புது வீடு கட்டுபவர்கள் வாசலுக்குப் பெரிய பூந்தொட்டி கேட்டு அலைகிறார்கள் என்பதும் தெரியும். அதை அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது நம் வேலை என்றே தோன்றவில்லை.

ஓட்டை போட்டால் பூந்தொட்டி

ஷிகராகிக்காரர்கள் செய்ததைப் பார்ப்போம். கணப்புச் சட்டியும் பூந்தொட்டியும் உருவத்தில் அண்ணன் தம்பி. அகன்ற வாய், கனத்த சுவர், பருத்த வயிறு. அடியில் தண்ணீர் வடிய ஓட்டை வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். அதே மண்ணில், அதே கையால், அதே நீலப் பூச்சைப் பூசிப் பூந்தொட்டி செய்தார்கள். ஜப்பானில் அப்போது புதுப் புது வீடுகளும் அலுவலகங்களும் எழுந்துகொண்டிருந்தன. செடி வைக்கத் தொட்டி எல்லாருக்கும் வேண்டியிருந்தது.

அதோடு நிற்கவில்லை. மழையிலும் வெயிலிலும் கிடந்தால் மரம் உளுத்துவிடும், இரும்பு துருப்பிடிக்கும். கல்லாகச் சுட்ட மண்ணுக்கு இரண்டும் இல்லை. எனவே தோட்டத்தில் போடும் மேசையும் அதைச் சுற்றிப் போடும் முக்காலிகளும் செய்தார்கள். வாசலில் குடை வைக்கும் உயர ஜாடி, கை கழுவும் தொட்டி, ஆள் இறங்கிக் குளிக்கும் தொட்டி, தோட்ட விளக்கு, சுவருக்கு ஓடு என்று சரக்குப் பட்டியல் நீண்டது. குளியல் தொட்டி போன்றவற்றில், நாம் முன்னே சொன்ன அந்தப் பழைய மண் கயிறு முறைக்குத்தான் மறுபடியும் வேலை. சுவரின் கனம் சூட்டை வாங்கி வைத்துக்கொள்வதால் வெந்நீர் சீக்கிரம் ஆறாது.

1970ஆம் ஆண்டு ஒஸாகாவில் உலகப் பொருட்காட்சி நடந்தது. அதற்காகத் தாரோ ஒக்காமோத்தோ என்ற கலைஞர் ஏறக்குறைய 70 மீட்டர் உயரத்தில் சூரிய கோபுரம் ஒன்றை எழுப்பினார். அதன் முதுகில் இருக்கும் கறுப்புச் சூரியன் ஷிகராகியில் சுட்ட ஓடுகளால் ஆனது. கோபுரம் இன்றும் நிற்கிறது. நருத்தோ என்ற ஊரில் 1998ஆம் ஆண்டு திறந்த ஒத்சுக்கா கலைக்கூடத்தில் உலகப் புகழ் பெற்ற ஓவியங்களின் நகல்கள் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. அவை பீங்கான் பலகைகளில் அச்சிட்டுச் சுட்டவை. அந்தப் பெரிய பலகைகளையும் ஷிகராகியில்தான் சுட்டார்கள். சட்டி செய்த ஊர் சித்திரம் செய்யும் அளவுக்குப் போயிற்று.

அங்கே செய்பவர்களுக்கு ஒரு கூட்டுறவுச் சங்கம் இருப்பதைப் போல, மொத்த வியாபாரிகளுக்கும் தனிக் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. மண்ணையும் பூச்சையும் சோதித்துச் சொல்ல மாகாண அரசின் ஆய்வுக்கூடமும் இருக்கிறது. கடைத்தெருச் செய்தி சூளைக்குப் போய்ச் சேராமல் இத்தனை மாற்றம் நடந்திருக்க முடியாது என்பது எங்கள் எண்ணம்.

எல்லாம் இயந்திரமாகிவிட்டதா என்றால், பெரும்பாலும் ஆகியிருக்கிறது. எண்ணெய்ச் சூளை, கேஸ் சூளை, மின்சூளை வந்தன. அச்சில் வார்க்கும் முறையும் வந்தது. அப்படியும் விறகுச் சூளையை விடாதவர்கள் உண்டு. கியோக்கோ கோயாமா என்ற அம்மையார் 1936ல் பிறந்தவர். பெண்கள் சூளைப் பக்கம் வருவதே அபூர்வமாக இருந்த காலத்தில், வீட்டருகே பழைய குகைச் சூளை கட்டி, சாம்பல் தானே உருகிப் படியும் அந்தப் பழைய முறைக்காகப் பல வருடம் போராடினார். 2023ஆம் ஆண்டு அவர் காலமானார்.

1974ஆம் ஆண்டு ஜப்பான் அரசு மரபுக் கைத்தொழில்களுக்காக ஒரு சட்டம் கொண்டுவந்தது. சட்டத்தின்படி சரக்கு அன்றாடப் புழக்கத்தில் இருக்க வேண்டும். முக்கியமான வேலை கையால் நடக்க வேண்டும். முறை பரம்பரையாக வந்ததாக இருக்க வேண்டும். ஓர் ஊரில் பலர் சேர்ந்து செய்யும் தொழிலாகவும் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் ஷிகராகிப் பாண்டமும் உண்டு. முதல் நிபந்தனையைக் கவனியுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் பொருளுக்கு அல்ல, வீட்டில் புழங்கும் பொருளுக்குத்தான் அந்த மரியாதை.

எல்லாம் சுகம் என்று சொல்லிவிடக் கூடாது. அங்கும் பிள்ளைகள் தொழிலுக்கு வருவது குறைந்திருக்கிறது. வெளிநாட்டு மலிவுச் சரக்கோடு போட்டியும் இருக்கிறது. ஆனால் கணப்புச் சட்டியோடு அந்த ஊர் முடிந்துபோகவில்லை.

வாசலில் நிற்கும் வியாபாரி

இப்போது கல்லாவின் மேல் உட்கார்ந்திருப்பவருக்கு வருவோம். அதன் பெயர் தனுக்கி. நரி, நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு காட்டுப் பிராணி. 1930களில் ஷிகராகிக்கு வந்து சேர்ந்த தெத்சுஸோ புஜிவாரா என்ற கைவினைஞர் செய்து பரப்பிய உருவம் இது. 1951ஆம் ஆண்டு ஜப்பான் பேரரசர் ஊருக்கு வந்தபோது, தனுக்கி பொம்மைகளின் கையில் சின்னக் கொடியைக் கொடுத்து வழி நெடுக நிறுத்தி வரவேற்றார்கள். பேரரசர் மகிழ்ந்து அதைப் பற்றிக் கவிதையே எழுதினார். செய்தி நாடு முழுவதும் பரவிற்று. அதன்பின் சாப்பாட்டுக் கடை, மதுக்கடை, சத்திரம் எங்கும் தனுக்கி வாசலில் நிற்கத் தொடங்கியது.

அதன் உடம்பில் எட்டு அடையாளங்கள் சொல்கிறார்கள். தொப்பி, எதிர்பாராத ஆபத்துக்குக் காப்பு. பெரிய கண், நாலு பக்கமும் பார்த்து நடக்க. சிரித்த முகம், வந்தவரை வரவேற்க. குடுவை, உண்ணக் குடிக்கக் குறைவில்லாமல் நற்குணத்தோடு வாழ. நோட்டு, நாணயம். தொந்தி, பதற்றமில்லாத துணிவு. பை, பண யோகம். பருத்த வால், எடுத்த காரியத்தை நன்றாக முடிக்க. மற்றவரை முந்துவது என்று பொருள் வரும் சொற்களும் அந்த மொழியில் தனுக்கி போலவே ஒலிக்குமாம். அதனாலும் கடைக்காரர்களுக்குப் பிடித்துவிட்டது.

அந்த நோட்டு நம் பற்று நோட்டேதான். சரக்கு வாங்கும்போது எழுதிக்கொண்டு, பிறகு மொத்தமாகக் கணக்குத் தீர்ப்பது அங்கேயும் வழக்கம். நோட்டில் எழுதியதை இரண்டு தரப்பும் நம்பினால்தான் வியாபாரம். ஷிகராகி இருக்கும் ஷிகா மாகாணத்தின் பழைய பெயர் ஓமி. ஊர் ஊராகச் சரக்குச் சுமந்து விற்றுப் பேரெடுத்த ஓமி வணிகர்களின் நாடு அது. விற்பவருக்கு நன்மை, வாங்குபவருக்கு நன்மை, ஊருக்கு நன்மை என்று மூன்றையும் அவர்கள் பார்த்ததாக இன்றும் சொல்கிறார்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

இவ்வகைச் சாமான் இப்போது நம் பக்கத்துக் கடைகளிலும் வருவதால், விற்கும் நண்பர்களுக்குச் சில குறிப்புகள்.

விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். தெளிந்த மணியோசை வந்தால் நன்றாக வெந்தது. மந்தமாக ஒலித்தால் வேக்காடு போதவில்லை, அல்லது எங்கோ விரிசல்.

அடிப்பாகத்தில் பூச்சு இருக்காது. அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சினால் அது வெறும் மண்பாண்டச் சாதி. ஊறுகாய்க்கும் ஆகாது, மழையில் போடவும் ஆகாது.

முக்காலி, மேசை என்றால் சமதரையில் வைத்து ஆட்டிப் பாருங்கள். சூளையில் கோணியிருந்தால் ஆடும்.

கரிந்த நிறம், வழிந்த சாம்பல், வெண்கல் புள்ளி ஆகியவை விறகுச் சூளையின் கையெழுத்து. குறை என்று வாங்குபவர் சொன்னால் விளக்கிச் சொல்லுங்கள். முடிபோன்ற விரிசலை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பூந்தொட்டிக்கு அடி ஓட்டை அவசியம். ஓட்டை இல்லாததைத் தொட்டி என்று விற்றால் செடி அழுகும், நம் பெயரும் அழுகும்.

முடிவாக

நம் ஒவ்வொருவர் கடையிலும் ஒரு கணப்புச் சட்டி இருக்கிறது. இன்று நன்றாக ஓடும், நாளை நின்றுபோகும் சரக்கு. அது எது என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் நின்றுபோகத் தொடங்கியது முதலில் தெரிவது கல்லாவில் இருக்கும் நமக்குத்தான். அந்தச் செய்தியை நம்மோடு வைத்துக்கொள்வதா, செய்பவர் காதில் போடுவதா என்பது நம் கையில் இருக்கிறது.

சென்ற தை மாதம் ஓலைக் கொட்டான் முடையும் ஒரு அம்மா கடைக்கு வந்தார். பெரிய பெட்டி விற்கவில்லை என்று வருத்தப்பட்டார். உட்கார வைத்துப் பேசினோம். "யம்மா, கால் கிலோ கருப்பட்டி மிட்டாய் பிடிக்கிற அளவுக்குச் சின்னதா மூடியோட செஞ்சு கொண்டாங்க. மிட்டாய்க் கடைக்காரங்க கேக்கிறாங்க" என்றோம். பத்து நாளில் ஐம்பது கொண்டுவந்தார். இப்போது மாதா மாதம் வருகிறார். எங்களுக்கு அதில் பெரிய லாபம் ஒன்றுமில்லை. 1988ல் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பியவருக்குச் சொல்ல வேண்டியதை, இந்த அம்மாவுக்காவது சொன்னோம்.

அந்தக் கடைசி லோடில் மிஞ்சிய ஜாடி ஒன்று இன்னும் எங்கள் கடையில் இருக்கிறது. கல் உப்புப் போட்டு வைத்திருக்கிறோம். இத்தனை வருடத்தில் ஒரு பொட்டு கசியவில்லை.